இரைப்பை அமிலமும் மயக்க ஆவியும்

மதுரையில் சித்திரை மாதத்தில் நிழலிலேயே வெப்பமானி 38 பாகை செல்சியசைத் தொடுவது புதிதல்ல. அப்படிப்பட்ட ஒரு நண்பகலில், ஈதர் நிரம்பிய புட்டியின் மூடியைத் திறந்து மேசைமீது வைத்தால் என்ன ஆகும்? ஈதரின் கொதிநிலை 34.6 பாகைதான். அதாவது, அடுப்போ விளக்கோ இல்லாமலே, தன் கொதிநிலையைவிடச் சூடான காற்றில் அது நிற்கிறது. ஆவியாகும்போது தன் வெப்பத்தைத் தானே இழந்து குளிர்ந்துகொள்வதால் புட்டி பொங்கி வழியாது. ஆனால் வெகு விரைவில் காலியாகிவிடும். அறையில் பரவிய ஆவியோ ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

அறுவை மருத்துவத்தின் முதல் வெற்றிகரமான மயக்க ஆவி இந்த ஈதர்தான். 1846 அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் இதைப் பலரறியச் செய்துகாட்டினார். ஐந்து மாதங்களில், 1847 மார்ச்சில், கல்கத்தாவில் இது நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. கப்பலில் செய்தி வந்து சேரவே மாதங்கள் ஆன காலத்தில் இது வியப்பான வேகம். அடுத்த ஆண்டே குளோரோபார்ம் வந்தது. அதன் கொதிநிலை 61 பாகை, தீப்பிடிக்காது, மணமும் இனியது. வெயில் நாட்டில் எது வென்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வாறு மயக்க ஆவிகளின் கதை கொதிநிலை, ஆவியழுத்தம், கரைதிறன் என்று இயற்பியல் பாடமாகவே தொடங்குகிறது. நுரையீரல் வழியே உள்ளே போகும், மூளையைத் தூங்கவைக்கும், வந்த வழியே வெளியேறும். நூறாண்டுக் காலம் பெரும்பாலோர் இப்படித்தான் எண்ணினர். இந்த எண்ணம் எப்படி உடைந்தது, இன்று பலர் சட்டைப் பையில் இருக்கும் 'கேஸ் மாத்திரை' அதில் எங்கே வந்து சேர்கிறது என்பதே நாம் பார்க்கப் போவது.

கண்மாயும் மறுகாலும்

மயக்க ஆவி மூளைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை விளக்க நம் பக்கத்துக் கண்மாய்களைவிட நல்ல உவமை எனக்குத் தோன்றவில்லை. வைகையிலிருந்து கால்வாயில் வரும் நீர் முதலில் மேல் கண்மாயை நிரப்புகிறது. அது நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு நீர் கிடைக்கும். மேல் கண்மாய் சிறியதாக இருந்தால் கீழே விரைவில் நீர் வரும். பெரியதாக இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

நோயாளி மூச்சில் இழுக்கும் ஆவிதான் கால்வாய் நீர். மேல் கண்மாய் இரத்தம். கீழ்க் கண்மாய் மூளை. நீர்மட்டத்தின் இடத்தில் ஆவியின் பகுதி அழுத்தத்தை வைத்துக்கொள்ளுங்கள். மூளையில் ஆவியின் பகுதி அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டினால் உணர்வு போகும். காற்றும் இரத்தமும் ஒரே பகுதி அழுத்தத்தில் இருக்கும்போது, ஒரு லிட்டர் காற்றில் உள்ளதைப்போல ஏறத்தாழ 12 மடங்கு ஈதர் ஒரு லிட்டர் இரத்தத்தில் கரைந்திருக்கும். அவ்வளவு பெரிய கண்மாய் நிரம்ப நேரமாகும், வடியவும் நேரமாகும். ஈதர் மயக்கம் மெல்ல வந்து மெல்லத் தெளிந்ததற்குக் காரணம் இதுதான். இந்த எண் பின்னாளில் வந்த ஹாலோதேனுக்கு 2.4, ஐசோபுளூரேனுக்கு 1.4, செவோபுளூரேனுக்கு 0.65. டெஸ்புளூரேனுக்கோ 0.42தான்.

இந்தக் கணக்கில் கல்லீரல் எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? மேல் கண்மாயின் கரையில் ஒரு சிறு மடை இருக்கிறது. அதன் வழியே கொஞ்சம் நீர் பக்கத்து வயலுக்குப் பாய்கிறது. அந்த மடைதான் கல்லீரல். நீர்மட்டத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தவர்களுக்கு அது கண்ணில் படவில்லை.

ஆனால் அறிகுறிகள் முன்பே தென்பட்டன. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண், கால் விரல் நகத்தை எடுக்கும் சிறு சிகிச்சைக்காகக் குளோரோபார்ம் கொடுக்கப்பட்டு இரண்டொரு நிமிடங்களில் இறந்தாள். குளோரோபார்மை அறிமுகம் செய்த சிம்சனோ, ஆவி அவளைக் கொல்லவில்லை, தெளியவைப்பதற்காக வாயில் ஊற்றிய நீரும் பிராந்தியும்தான் மூச்சை அடைத்தன என்று வாதாடினார். அவர் சொன்னதை இன்று பலர் ஏற்பதில்லை. ஆயினும் உணர்விழந்தவரின் தொண்டையில் இறங்கும் திரவம் ஆளைக் கொல்லும் என்ற கருத்து, மயக்க மருந்தின் முதற்சாவிலேயே எழுந்துவிட்டது.

குளோரோபார்ம் கொல்வது மூச்சை நிறுத்தியா, இதயத்தை நிறுத்தியா என்ற சண்டை நம் நாட்டில்தான் உச்சத்துக்குப் போனது. ஐதராபாத்தில் ரெசிடென்சி மருத்துவராக இருந்த எட்வர்ட் லாரி, இதயத்துக்கு ஆபத்தே இல்லை, மூச்சைக் கவனித்தால் போதும் என்பதில் அசையாத உறுதி கொண்டவர். நிஜாமின் ஆதரவில் 1888இல் ஓர் ஆய்வுக் குழு அமைந்தது. அதன் முடிவை லண்டன் மருத்துவ இதழான லான்செட் ஏற்கவில்லை. நிஜாம் ஆயிரம் பவுன் கொடுத்து லாடர் பிரண்டன் என்ற பெயர்பெற்ற மருந்தியல் அறிஞரை வரவழைத்தார். 1889இல் இரண்டாம் குழு நூற்றுக்கணக்கான விலங்குகளைச் சோதித்து லாரி சொன்னதே சரி என்றது. பணமும் உழைப்பும் குறைவின்றிச் செலவிடப்பட்டும் முடிவு நிலைக்கவில்லை. 1911இல் குட்மன் லெவி என்ற ஆங்கிலேயர், குளோரோபார்ம் இலேசாகக் கொடுக்கப்பட்ட பூனைகளுக்கு அட்ரினலின் ஊசி போட்டால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடுவதைக் காட்டினார். ஆவியும் இன்னொரு பொருளும் உடலுக்குள் சந்தித்தால் தனித்தனியே இல்லாத கேடு பிறக்கும் என்பதற்கு அது முதல் தெளிவான சான்றுகளுள் ஒன்று. இதை நினைவில் வையுங்கள், மறுபடியும் வரும்.

இதற்கிடையே 1894இல் லண்டனில் கத்ரி என்ற மருத்துவர், குளோரோபார்மிலிருந்து நன்றாகத் தெளிந்த குழந்தைகள் சிலர், ஒன்றிரண்டு நாள் கழித்து வாந்தியெடுத்து இறந்ததை எழுதினார். அவர்களின் கல்லீரல் கெட்டிருந்தது. வந்த வழியே வெளியேறிவிட்டதாக நினைத்த ஆவி அங்கே என்ன செய்தது? அப்போது யாரிடமும் விடை இல்லை.

நெய்யூரும் புண் வயிறும்

இனி இரைப்பைக்கு வருவோம். மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களில் எழுபது வயது கடந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 'அல்சர் ஆபரேசன்' செய்துகொண்டு மேல்வயிற்றில் நெடுக்குத் தழும்போடு வாழ்ந்த ஒருவரையாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். முன்சிறுகுடற்புண் ஒரு காலத்தில் தென்னாட்டின் பெருநோய். இதை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் நமக்குத் தெற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலுக்கு மேற்கேயுள்ள நெய்யூரில் பணிசெய்தார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர்.

அவர் பெயர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். முதல் உலகப் போரில் அறுவை மருத்துவராக இருந்தவர். 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணக் குழுவில் ஒருவர். மலையிலிருந்து இறங்கியபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தையும் தனியாகத் திணறிக்கொண்டிருந்த மருத்துவரையும் கண்டார். லண்டனில் காத்திருந்த நல்ல எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட் போனபோது, ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்திலிருந்து திரும்பும் வழியில், கடுங்குளிரில் உறைந்து கெட்ட தொண்டைச் சவ்வு பெயர்ந்து மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. பேசவும் முடியவில்லை, முன்னால் போன தோழரைக் கூப்பிடவும் முடியவில்லை. பனியில் உட்கார்ந்து, கடைசி முயற்சியாக மார்பை இரு கைகளாலும் அழுத்த, அடைப்பு வாய்வழியே வெளிவந்தது. மூச்சுவழி அடைபடுவது என்ன என்பதைத் தன் உடம்பிலேயே அறிந்த அறுவை மருத்துவர்கள் உலகில் சிலரே இருப்பர்.

நெய்யூரில் அவரிடம் வந்த குடற்புண் நோயாளிகளுள் பலர், ஆண்டுக்கணக்கில் வலியைப் பொறுத்துக்கொண்டு கடைசிக் கட்டத்தில் வந்தவர்கள். புண் ஆறி, தழும்பாகி, இரைப்பையின் கீழ்வாய் சுருங்கிப் போயிருக்கும். உண்டது இறங்காது. மாலையில் எடுக்கும் வாந்தியில் நேற்றைய சோறு வரும். இதற்கு அறுவை மருத்துவம், இரைப்பையையும் சிறுகுடலையும் நேராக இணைத்துப் புது வழி திறப்பது. சாமர்வெல் இதை ஆயிரக்கணக்கில் செய்தார். 1936இல் ஆர் என்ற உடன்பணியாளருடன் சேர்ந்து தம் அனுபவத்தைப் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் விரிவாக எழுதினார்.

நோய்க்குக் காரணம் உணவு என்றே அக்காலத்தில் எண்ணினர். குன்னூரில் மெக்காரிசன், திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக் கிழங்கு உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது இரைப்பைப் புண்கள் தோன்றின. பஞ்சாபியரின் கோதுமை, பால் உணவில் தோன்றவில்லை. மைசூரில் பணிசெய்த பிராங்க் டோவி என்ற அறுவை மருத்துவரும் பின்னர், அரிசி உண்ணும் பகுதிகளில் இந்நோய் மிகுதி, கோதுமைப் பகுதிகளில் குறைவு என்று காட்டினார். 1982இல் ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் இரைப்பையில் வாழும் சுருள் கிருமியைக் கண்டுபிடித்து, காரணத்தைக் கிருமியின் பக்கம் திருப்பினர். 2005இல் நோபெல் பரிசும் பெற்றனர். ஆனால் அந்தக் கிருமி வடநாட்டிலும் நிறைய உண்டு. ஆகவே உணவைப் பற்றிய பழைய கேள்வி முழுதும் அடைந்துவிடவில்லை என்பதே என் கருத்து.

நம் கதைக்கு வேண்டியது இது: கீழ்வாய் அடைத்த இரைப்பை என்பது, ஒருவேளை உண்ணாமல் வந்தாலும் காலியாகாத இரைப்பை. அமிலமும் உணவும் தேங்கிய அந்தப் பையோடு ஒருவரைப் படுக்கவைத்து மயக்க ஆவி கொடுத்தால், வாந்தி மேலே வரலாம். விழித்திருப்பவருக்குப் புரை ஏறும், இருமுவார். உணர்விழந்தவருக்கு இருமலும் இல்லை. வந்தது நேரே நுரையீரலுக்குப் போகும்.

முயல்களின் நுரையீரல்

இந்த ஆபத்தைக் கணக்கெடுத்துச் சோதித்தவர் நியூயார்க்கின் மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன். 1932 முதல் 1945 வரை தம் மருத்துவமனையில் நிகழ்ந்த 44,016 பேறுகளை ஆராய்ந்து, அவற்றுள் 66 தாய்மார்க்கு மயக்கத்தின்போது இரைப்பையில் இருந்தது நுரையீரலுக்குள் போனதைக் கண்டார். இருவர் இறந்திருந்தனர்; இருவரும் கெட்டியான உணவு அடைத்து மூச்சுத் திணறியவர்கள். திரவம் மட்டும் போனவர்கள் மூச்சிரைத்து, நீலம் பாய்ந்து, பின்னர் தேறினர். ஏன் இந்த வேறுபாடு? முயல்களின் நுரையீரலில் அமிலத் திரவத்தை விட்டார். அதே நிலை தோன்றியது. அமிலத்தை முறித்துவிட்டு அதே திரவத்தை விட்டார். முயல்கள் அவ்வளவு துன்பப்படவில்லை. குற்றவாளி திரவம் அல்ல, அமிலம். 1946இல் இது வெளியாயிற்று.

அப்படியானால் மயக்கத்துக்கு முன்பே அமிலத்தை முறித்துவிடலாமே! 1960களில் பிரிட்டனின் பேறுகால அறைகளில் மெக்னீசியம் டிரைசிலிக்கேட் என்ற வெள்ளைக் குழம்பு வழக்கமாயிற்று. பிஎச் 2.5க்குக் கீழும் அளவு 25 மில்லிக்கு மேலும் இருந்தால் ஆபத்து என்ற எல்லைக்கோடு 1974இல் வகுக்கப்பட்டுப் பாடநூல்களில் ஏறியது. இரண்டாம் எண், ரீசஸ் குரங்குச் சோதனையிலிருந்து மனித எடைக்குப் பெருக்கிப் பெற்றது. அவ்வளவு சிறிய அடித்தளத்தில் அவ்வளவு பெரிய விதியா என்று பின்னால் பலர் கேட்டதில் நியாயம் உண்டு. அதோடு 1979இல் இன்னொரு சங்கடம். வெள்ளைக் குழம்பின் நுண்துகள்களே நுரையீரலுக்குள் போனால் கேடு செய்யும் என்று நாய்களில் தெரியவந்தது.

அமிலத்தைச் சுரந்தபின் முறிப்பதைவிட, சுரக்காமலே தடுத்தால்? ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் எடுத்துக்கொண்ட வேலை அதுதான். ஹிஸ்டமின் என்ற பொருள் இரைப்பைச் செல்களின் ஒரு வகைப் பூட்டில் நுழைந்துதான் அமிலச் சுரப்பைத் தூண்டுகிறது. அந்தப் பூட்டில் பொருந்தும், ஆனால் திறக்காத சாவி ஒன்று வேண்டும். 1964இல் தொடங்கிய தேடலில் முதலில் கிடைத்தது புரிமமைடு; வாய்வழியே பலன் தரவில்லை. அடுத்தது மெட்டியமைடு, சிலருக்கு வெள்ளணுக்களைக் குறைத்தது. மூன்றாவதான சிமெட்டிடின் 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்து, உலகில் மிக அதிகம் விற்ற மருந்துகளுள் ஒன்றாயிற்று. பிளாக்குக்கு 1988இல் நோபெல் பரிசு. சாமர்வெல் கத்தியால் செய்ததைப் பெருமளவு மாத்திரையே செய்யத் தொடங்கியது. அவர் 1975இல் காலமானார். அடுத்த ஆண்டே இந்த மாத்திரை வந்தது.

மயக்க மருத்துவர்களும் இதை வரவேற்றனர். முன்னிரவில் ஒன்று, காலையில் ஒன்று கொடுத்தால் அமிலம் அடங்கிய இரைப்பையோடு நோயாளி மேசைக்கு வருவார். இனி என்ன பயம்?

மடையில் ஒரு கட்டை

பயம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. சிமெட்டிடின் மூலக்கூறில் இமிடசோல் என்ற வளையம் இருக்கிறது. கல்லீரலில் சைட்டோகுரோம் பி-450 என்னும் நொதிக் குடும்பம் இருக்கிறது. உடலுக்குள் வரும் அயல்பொருள்களை ஆக்சிஜனேற்றி, கரையும் வடிவுக்கு மாற்றி வெளியேற்றும் பணி அதனுடையது. அதன் மையத்தில் ஓர் இரும்பு அணு. சிமெட்டிடினின் வளையம் அந்த இரும்பைப் போய்ப் பற்றிக்கொள்கிறது. இரைப்பைக்காக எழுதிய மருந்து, யாரும் கேட்காமலே கல்லீரலின் மடையில் கட்டையைப் போட்டுவிட்டது.

அந்த மடையின் வழியே மயக்க ஆவியும் போகிறது என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. குளோரோபார்முக்கும் ஈதருக்கும் மாற்றாக 1951இல் இங்கிலாந்தில் சார்லஸ் சக்ளிங் உருவாக்கிய ஹாலோதேன், 1956இல் மருத்துவத்துக்கு வந்து உலகை வென்றது. கொதிநிலை 50 பாகை, தீப்பிடிக்காது, எரிச்சல் தராது. எங்கள் துறைக்காரர் ஒருவர் தேவைகளை எழுதிக் கொடுத்து வாங்கியதுபோல இருந்தது. நம் நாட்டு மருத்துவமனைகளிலும் பல பத்தாண்டுகள் இதுவே முதன்மை ஆவி. ஆனால் உள்ளே போன ஹாலோதேனில் ஏறத்தாழ 20 விழுக்காடு வந்த வழியே திரும்பவில்லை. கல்லீரலில் உருமாறியது என்று அளவிட்டுக் கண்டனர். 1894இல் கத்ரி கேட்ட கேள்விக்கு விடை இந்தத் திசையில்தான் இருந்தது.

ஹாலோதேன் பெற்ற மிகச் சிலருக்குச் சில நாள் கழித்துக் கடும் மஞ்சள்காமாலை கண்டது. அமெரிக்காவில் 34 மருத்துவமனைகளின் சுமார் எட்டரை லட்சம் மயக்கங்களை ஆராய்ந்த பேராய்வு, ஹாலோதேனால் நேர்ந்திருக்கக்கூடிய கல்லீரல் சாவு 35,000இல் ஒன்று என்ற அளவில் மதிப்பிட்டது. அரிதுதான். ஆனால் அதன் வழி பின்னர் தெளிவாயிற்று. ஆக்சிஜனேற்றத்தில் பிறக்கும் ஒரு துண்டு கல்லீரலின் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. உடலின் காவற்படை அந்தப் புரதத்தை அயலானாக எண்ணித் தாக்குகிறது. ஆக்சிஜன் குறைந்த நிலையிலோ வேறு பாதையில் வேறு துண்டுகள் பிறக்கின்றன. மடையில் எவ்வளவு நீர் போகிறது என்பதைவிட, அந்த வயலில் என்ன விளைகிறது என்பதே முக்கியம் என்றாயிற்று.

இங்கே சிமெட்டிடின் நுழைந்தால் என்ன ஆகும்? மடையை அடைத்தால் நஞ்சு விளைவது குறையுமே என்று சிலர் எண்ணினர். 1980களில் ஆக்சிஜன் குறைத்து ஹாலோதேன் கொடுக்கப்பட்ட எலிகளில் அப்படியே நடந்தது. சிமெட்டிடின் அந்த உருமாற்றத்தைத் தடுத்தது. எதிரியாக வந்தவன் காவலனாக நின்ற வேடிக்கை! ஆனால் எலியில் கண்டதை மனிதரின் கல்லீரலைக் காக்கும் முறையாக யாரும் வழக்கத்துக்குக் கொண்டுவரவில்லை.

மயக்கத்தின் ஆழமாவது மாறுமா? பெரிதாக மாறாது. ஏனென்று கண்மாயைப் பார்த்தால் தெரியும். மேல் கண்மாயின் மட்டத்தைத் தீர்மானிப்பது கால்வாயில் வரும் நீர்தான். பக்கத்து மடையை அடைத்தாலும் திறந்தாலும் மட்டம் சிறிதே அசையும். மருத்துவர் கருவியில் வைக்கும் செறிவுதான் இங்கே கால்வாய்.

அப்படியானால் தொல்லை எங்கே? ஆவியோடு கூடக் கொடுக்கப்படும் மற்ற மருந்துகளில். நரம்பு வழியே போகும் மருந்துகளுக்கு நுரையீரல் என்ற வெளிவாசல் இல்லை. அவற்றுக்குக் கல்லீரலின் மடைதான் வடிகால். சிமெட்டிடின் உட்கொள்பவரிடம் டயசிபாம், மிடசோலம் போன்ற அமைதி மருந்துகள் நெடுநேரம் தங்கின, லிக்னோகெயின் அளவு இரத்தத்தில் ஏறியது, பிராப்ரனலால் தேங்கியது. இந்தப் பிராப்ரனலாலும் ஜேம்ஸ் பிளாக் கண்டதுதான். அவருடைய ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையின் வழியை மறித்தது!

இவற்றுள் மிகவும் கவனிக்கவேண்டியது ஆஸ்துமா நோயாளியின் நிலை. அவர் மூச்சிரைப்புக்குத் தியோபிலின் சாப்பிடுகிறார். அதையும் கல்லீரலே அகற்றவேண்டும். வயிற்றெரிச்சலுக்குச் சிமெட்டிடின் சேர்கிறது; தியோபிலின் தேங்கி ஏறுகிறது. மிகுந்த தியோபிலின் இதயத்தைத் துடிதுடிக்க வைக்கும், அட்ரினலினையும் கூட்டும். இந்த நிலையில் அவருக்கு ஹாலோதேன் கொடுத்தால்? ஹாலோதேன், குளோரோபார்மைப் போலவே, இதயத்தை அட்ரினலினுக்குக் கூச்சமுள்ளதாக்கும் ஆவி. 1911இல் குட்மன் லெவியின் பூனைகளில் நடந்தது, ஓர் இரைப்பை மாத்திரையின் துணையால் மனிதரிடம் திரும்ப நடக்கலாம். ஹாலோதேனுடன் அமினோபிலின் சேரும்போது துடிப்பு தாறுமாறாவதை 1970களிலேயே பதிவு செய்திருந்தனர். மாத்திரைக்கும் ஆவிக்கும் நேரடி மோதல் இல்லை. நடுவில் நின்ற மூன்றாவது மருந்தின் வழியாக நேர்ந்த மோதல் அது. இத்தகையதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

மடையை அடைப்பது மட்டுமல்ல, அகலத் திறப்பதும் உண்டு. நம் நாட்டில் எத்தனையோ பேர் உட்கொள்ளும் காசநோய் மருந்தான ஐசோனியசிட், வேறொரு பி-450 நொதியைப் பெருக்கிவிடுகிறது. அதை உட்கொண்டவர்களுள் சிலருக்கு என்புளூரேன் என்ற ஆவி கொடுத்தபோது, இரத்தத்தில் புளூரைடு எதிர்பாராத அளவுக்கு ஏறியதை 1982இல் அமெரிக்காவில் கண்டனர். புளூரைடு மிகுந்தால் சிறுநீரகம் கெடும். மெத்தாக்சிபுளூரேன் என்ற ஆவி வழக்கொழிந்ததே அதனால்தான்.

சிக்கல் அவிழ்ந்தது இரு பக்கத்திலும். மாத்திரைப் பக்கத்தில் 1981இல் ரானிட்டிடின் வந்தது. அதில் இமிடசோல் வளையத்துக்குப் பதில் பியூரான் வளையம். இரும்பை அவ்வளவாகப் பற்றாது. பமோட்டிடின் அதைவிடச் சாது. ஆவிப் பக்கத்தில் கல்லீரல் அதிகம் தொடாத மூலக்கூறுகளைத் தேடினர். ஹாலோதேனில் 20 விழுக்காடு உருமாறுகிறது என்றால், என்புளூரேனில் 2, ஐசோபுளூரேனில் 0.2, டெஸ்புளூரேனில் 0.02. இந்த வரிசையின் ஒழுங்கைக் கண்டு நான் ஒவ்வொரு முறையும் வியப்பதுண்டு. புளூரின், கார்பனோடு கொள்ளும் பிணைப்பு மிக வலியது; புளூரினைச் சரியான இடங்களில் நிறைத்தால் நொதியின் பல் பதியாது. செவோபுளூரேன் மட்டும் 2 முதல் 5 விழுக்காடு உருமாறுகிறது. ஆனால் ஹாலோதேன் விளைத்த அந்தப் பொல்லாத துண்டு அதில் பிறப்பதில்லை. மடையே ஏறக்குறைய இல்லாத கண்மாயில் கட்டை போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன?

1988இல் முதலில் விற்பனைக்கு வந்த ஓமெப்ரசோலும் அதன் தம்பியான பேன்டோபிரசோலும் இன்று தெருமுனை மருந்துக் கடைகளில் பொட்டலம் பொட்டலமாகப் போகின்றன. ஓமெப்ரசோல் தடுக்கும் நொதி வேறு. மயக்க ஆவிகளைத் தொடும் நொதி வேறு. ஆகவே ஆவியோடு மோதல் இல்லை என்றே கொள்ளலாம். டயசிபாமைச் சற்றுத் தேக்கும். ஆனால் ஓராண்டுக்கு மேல் நாள்தோறும் விழுங்குபவர்களுள் சிலருக்கு இரத்தத்தில் மெக்னீசியம் குறைகிறது என்று 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. மெக்னீசியம் குறைந்த இதயம் துடிப்பில் தடுமாறும். அறுவைக்கு முன் 'என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' என்று மயக்க மருத்துவர் கேட்கும்போது, நம்மவர் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் சொல்வார்கள். 'கேஸ் மாத்திரை'யைச் சொல்வதில்லை. அது மருந்து என்ற கணக்கிலேயே அவர்களுக்கு வருவதில்லை. சிமெட்டிடின் காலத்தில் இந்த மௌனம் ஓர் ஆஸ்துமா நோயாளியின் உயிரையே வாங்கியிருக்கக்கூடும்.

மெண்டல்சன் கண்ட ஆபத்து மட்டும் மாறவில்லை. திட்டமிட்ட அறுவைக்குக் கெட்டியான உணவை ஆறு மணி நேரமும் தெளிந்த நீரை இரண்டு மணி நேரமும் முன்பே நிறுத்தச் சொல்வது அதனால்தான். நள்ளிரவில் அவசரச் சிசேரியனுக்கு வரும் தாயிடம் அதற்கு நேரமில்லை. மாத்திரை வேலை செய்யவும் நேரமில்லை. அப்போது பல மருத்துவமனைகளில் 30 மில்லி சோடியம் சிட்ரேட் கரைசலைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். துகள் இல்லாத தெளிந்த திரவம். சில நிமிடங்களில் இரைப்பை அமிலத்தை முறித்துவிடும். எலுமிச்சம்பழத்தின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலத்தின் சோடியம் உப்புதான் அது.